ஆறுக்கு அஞ்சு, பன்னிரண்டுக்குப் பத்து

ஞாயிற்றுக்கிழமை காலை. சந்தாபுரா ஜங்ஷனில் ஆனேக்கல் பஸ்கள் அடிக்கும் ஹாரன் எங்கள் மூன்றாவது மாடி வரை கேட்கிறது. தங்கமணி தோசை ஊற்றிக் கொண்டிருக்க, ஜூனியர் ஃபோனில் எதையோ படித்துவிட்டு ஆரம்பித்தான்.

"அப்பா, தோத்துக்கிட்டே இருந்தா கோச்ச தூக்கணுமா, வச்சுக்கணுமா? ஒரே பதில் சொல்லு."

"அப்படி ஒரே பதில் கிடையாதுலே."

"பேங்க் ஆபீசர் பதில். இதுவும் இருக்கு, அதுவும் இருக்கு!" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் ஆணி பிடுங்கியவனிடம் கணக்கைக் கேட்டால் கணக்காகவே சொல்லிவிடுவது நல்லது. சாயங்காலம் பழைய பாயின்ட் டேபிள்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிடைத்த ஒரு பின்னம் ராத்திரி தூங்க விடவில்லை. அதுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் கோவில்பட்டிக்காரன். எங்க ஊரில் பந்து என்றால் ஹாக்கிப் பந்துதான். கால்பந்து எனக்கு இந்த ஊருக்கு வந்த பிறகு, பையன் வழியாக ஒட்டிக்கொண்ட நோய். பி.காம். படித்தவனின் பார்வை இது. ஃபார்மேஷன், பிரஸ்ஸிங் பற்றி எல்லாம் விவரமாக எழுத வராது. வரவு செலவு பார்க்க வரும்.

கொசுவத்தி: 17 மார்ச் 2018

வீட்டில் இரண்டு கட்சி. ஜூனியர் பெங்களூரு எஃப்சி, நான் சென்னையின் எஃப்சி. ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஊரை விட்டு அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்கு, ஊர்ப் பெயரில் யாராவது விளையாடினால் கை தட்டத் தோன்றும். சென்னைக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் இன்னொரு ஐநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் இருக்கிறது என்பது வேறு விஷயம் :-)

அந்த வருஷம் ஐஎஸ்எல் இறுதி ஆட்டம் கண்டீரவா ஸ்டேடியத்தில். பெங்களூரு 18 ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்து லீகில் முதலிடம். இரண்டாவது வந்த சென்னைக்கு 32. ஆட்டமும் பெங்களூரு மைதானத்தில். பத்து வயது ஜூனியர் நீலச் சட்டை போட்டுக்கொண்டான், நானும் நீலம்தான் (சென்னை ஜெர்சியும் நீலம் என்பதால் தப்பித்தேன்). ஓசூர் ரோட்டில் சில்க் போர்டைத் தாண்டுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது.

9-வது நிமிடம் சுனில் சேத்ரி கோல். ஸ்டேடியமே எழுந்து ஆடியது. அப்புறம் சென்னையின் பிரேசில்காரர் மெயில்சன் ஆல்வெஸ் கார்னரில் இருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி ஒன்று, பாதி ஆட்டம் முடியும் நேரத்தில் அதே மாதிரி இன்னொன்று. 67-வது நிமிடம் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசியில் மிக்கு ஒன்று திருப்பினார். சென்னை 3, பெங்களூரு 2. பையன் அழுதான். நான் சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்து, அடக்கமாக சோகமாக இருப்பதுபோல் நடித்தேன்.

அன்றைக்குச் சென்னையின் பயிற்சியாளர் ஜான் கிரெகரி. இங்கிலாந்துக்கு ஆடியவர், ஆஸ்டன் வில்லாவின் மேலாளராக இருந்தவர். வந்த முதல் வருஷமே கோப்பை.

அடுத்த வருஷம் கடைசி

2018-19ல் அதே சென்னை 18 ஆட்டங்களில் இரண்டு வெற்றி, மூன்று டிரா, பதின்மூன்று தோல்வி. மொத்தம் 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது. (அந்த இரண்டு வெற்றியில் ஒன்று பெங்களூருவுக்கு எதிராக. வீட்டில் அதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டினேன்.)

என்ன ஆனது? சாம்பியன் அணியின் தடுப்பாட்டக் கேப்டன் ஹென்ரிக் செரெனோ போய்விட்டார். நடுக்களத்தில் நம்ம வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தில் சீசன் முழுக்க வெளியே. ஜெஜே கோல் அடிப்பதையே மறந்துபோன மாதிரி ஆடினார். எல்லா லீகிலும் இந்த மாதிரி நிலையில் கோச்சின் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிடுவார்கள். சென்னை வைக்கவில்லை. கிரெகரியைத் தொடர விட்டது. 2019 ஏப்ரலில் அதே அணியைக் கூட்டிக்கொண்டு போய் சூப்பர் கப் இறுதி ஆட்டம் வரை வந்தார், கோவாவிடம் 1-2 தோல்வி. பரவாயில்லை, ஆள் தேறிவிடுவார் என்று நானும் நம்பினேன்.

2019-20 தொடங்கியது. முதல் நான்கு ஆட்டத்தில் சென்னை ஒரு கோல் கூட அடிக்கவில்லை. கோவாவிடம் 0-3, பெங்களூருவிடம் 0-3. ஐந்தாவதில் ஹைதராபாத்தை 2-1, ஆறாவதில் ஒடிசாவோடு 2-2. ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி. நவம்பர் கடைசியில் கிரெகரி விலகினார்.

டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். மீதி 12 ஆட்டங்களில் 24 புள்ளி. மொத்தம் 29, நான்காம் இடம், அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5, இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டது! 2020 மார்ச் 14, கொரோனா பயத்தில் ரசிகர்கள் யாரும் இல்லாத ஃபட்டோர்டா மைதானம். ஏடிகே 3, சென்னை 1. கோப்பை போனது. ஆனால் பாடம் தெளிவாகத் தெரிந்தது மாதிரி இருந்தது: கோச்சை மாற்று, அணி மாறும்.

தெரிந்தது மாதிரி என்றுதான் சொல்கிறேன்.

அதே பின்னம், எதிர் முடிவு

இப்போது ஜூனியர் கட்சிக்கு வருவோம். 2022-23. பெங்களூருவின் கோச் சைமன் கிரேசன். (கிரெகரி, கிரேசன்... பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை. முன்னவர் சென்னை, பின்னவர் பெங்களூரு.) செப்டம்பரில் டூரண்ட் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தார். ஐஎஸ்எல் ஆரம்பித்ததும் சறுக்கல். 12 ஆட்டம் முடிந்தபோது மூன்று வெற்றி, ஒரு டிரா, எட்டுத் தோல்வி. பத்துப் புள்ளி.

பன்னிரண்டுக்குப் பத்து. ஆறுக்கு ஐந்து. கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார். ஒரு ஆட்டத்துக்கு 0.83 புள்ளி. இன்னும் சொன்னால் கிரேசன் அந்த நிலையில் கிரெகரியை விட இரண்டு மடங்கு நேரம் கிடந்தார்.

பெங்களூரு அவரை அனுப்பவில்லை.

மீதமிருந்த எட்டு ஆட்டங்களிலும் பெங்களூரு ஜெயித்தது. எட்டுக்கு எட்டு, 24 புள்ளி. காயில் 12 ஆட்டத்தில் எடுத்த அதே 24. மொத்தம் 34, நான்காம் இடம். அதுவும் அதே நான்காம் இடம். பிளே-ஆஃபில் கேரளா, அரையிறுதியில் மும்பையைப் பெனால்டியில் தாண்டி இறுதி ஆட்டம். 2023 மார்ச் 18, அதே கோவா மைதானம், எதிரில் ஏடிகே மோகன் பகான். 2-2, பெனால்டியில் தோல்வி.

ஒரே பின்னத்தில் நின்ற இரண்டு அணிகள். ஒன்று கோச்சை மாற்றியது, ஒன்று மாற்றவில்லை. இரண்டும் நான்காம் இடம், இரண்டும் இறுதி ஆட்டம், இரண்டும் தோல்வி. இதைப் பேப்பரில் எழுதிப் பார்த்தபோது சிரிப்பதா என்று தெரியவில்லை.

நெதர்லாந்தில் பொருளாதார ஆய்வாளர்கள் இதையே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். தங்கள் ஊர் லீகின் பல வருஷக் கணக்கை எடுத்து, சறுக்கிய பிறகு கோச்சை மாற்றிய அணிகளையும், அதே மாதிரி சறுக்கியும் மாற்றாத அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டு வந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கோச்சை அனுப்புவது எப்போதும் கிணற்றின் அடியில் இருக்கும்போதுதான். அதற்குக் கீழே போக இடமில்லை. அடுத்து வருகிறவர் ஏறினால் அவர் புண்ணியம் என்கிறோம்.

என் சொந்தக் கணக்கு

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜூனியருக்குக் கூட முழுசாகச் சொன்னதில்லை.

பல வருஷம் முன்னால் தமிழ்நாட்டில் ஒரு ஊரில் கிளை மேலாளராகப் போட்டார்கள். எந்த வங்கி, எந்த ஊர் என்பது வேண்டாம். போய் உட்கார்ந்த மூன்றாவது மாதத்தில் இருந்து வாராக்கடன் வரிசையாக வெளியே வர ஆரம்பித்தது. கடன் கொடுத்த அன்றே கெட்டுப் போவதில்லை. கொடுத்து ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகும். தவணை தொண்ணூறு நாள் தாண்டினால்தான் புத்தகத்தில் ஏறும். அதாவது கொடுத்தவர் ஒருவர், கெட்டுப்போகும்போது நாற்காலியில் இருப்பவர் இன்னொருவர்.

ரிவ்யூ மீட்டிங்கில் யாரும் கடன் தேதியைப் பார்க்கவில்லை. என் பெயருக்கு நேரே இருந்த சதவீதத்தைப் பார்த்தார்கள். பதினான்காவது மாதம் மாற்றல். எனக்குப் பின்னால் வந்தவர் காலத்தில், நான் நடையாய் நடந்து பேசி வைத்திருந்த இரண்டு செட்டில்மென்ட் முடிந்து பணம் வந்தது. அந்தக் காலாண்டு அவருக்குப் பாராட்டுக் கடிதம்.

ரொம்ப நாள் அந்த மனுஷன் மேல் எனக்கு எரிச்சல். அவர் மேல் தப்பே இல்லை, தெரியும். இருந்தாலும்.

காயிலின் அணியைப் பார்க்கும்போது இதுதான் ஞாபகம் வந்தது. அந்த சீசனில் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ், நடுவில் இருந்து பந்து கொடுத்த பிரேசில்காரர் கிரிவெல்லாரோ, இருவருமே காயில் வரும்போது அணியில் இருந்தவர்கள். கிரெகரி காலத்தில் சேர்ந்தவர்கள். விதைத்தவர் ஊருக்குப் போய்விட்டார். அறுத்தவர் கையில் அரிவாள்.

ஆனால் இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் நான் ஆடிட்டில் மாட்டுவேன். அந்த 14 மாதத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். கிளையில் ஒரு பெரிய கடனாளி. ஊரில் செல்வாக்கானவர், கிளையின் பழைய தூண். கணக்கு நொண்டுகிறது என்று எனக்குத் தெரியும். போய் உட்கார்ந்து கறாராகப் பேசியிருக்க வேண்டும். மேலே இருந்து தினம் ஒரு ஃபோன் வந்துகொண்டிருந்த நேரம் அது. மார்ச் முடியட்டும், அவர் முறைத்துக்கொண்டால் டெபாசிட்டும் போகும் என்று தள்ளிப் போட்டேன். நாற்காலி ஆடுகிறது என்று தெரிந்தவன் பெரிய கணக்கில் கை வைக்க மாட்டான். அந்தக் கணக்கும் பிற்பாடு கெட்டது. அது எனக்குப் பின்னால் வந்தவர் தலையில். பாராட்டுக் கடிதம் வாங்கிய அதே மனுஷன்!

சேத்ரியை பெஞ்சில் உட்கார வைத்தவர்

பெங்களூருவின் அந்த எட்டு வெற்றிக்குள் இருக்கும் விஷயம் இதுதான். கிரேசன் என்ன மாற்றினார்? 38 வயது சேத்ரியைப் பல ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார வைத்தார். இந்தியாவின் அதிக கோல் அடித்தவர், கிளப்பின் முகம், கண்டீரவாவில் சுவர் சுவராகப் படம் இருக்கும் ஆள். அவரை உட்கார வைத்துவிட்டு, ராய் கிருஷ்ணாவுக்குப் பக்கத்தில் 21 வயதுப் பையன் ஒருவனை இறக்கினார். பெயர் சிவசக்தி நாராயணன். காரைக்குடி பக்கம் கண்டனூர்க்காரன்!

(அன்றைக்கு வீட்டில் எனக்குக் கட்சி மாறலாமா என்று சபலம் வந்தது உண்மை.)

சிவசக்தி வரிசையாக கோல் அடித்தான். அந்த சீசனின் வளரும் வீரர் விருது அவனுக்குத்தான். சேத்ரியும் சும்மா போகவில்லை. கேரளாவுடன் பிளே-ஆஃப் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கூடுதல் நேரத்தில் எதிரணி சுவர் கட்டுவதற்குள் ஃப்ரீ கிக்கைத் தட்டிவிட்டு அவர் போட்ட கோல்தான் கேரளா வெளிநடப்பு செய்த அந்த ரகளைக்குக் காரணம்.

எட்டுத் தோல்விக்குப் பிறகு, நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஒரு கோச் சேத்ரியை உட்கார வைப்பாரா? தோற்றால் ஊரே கொல்லும். சேத்ரியை ஆட வைத்துத் தோற்றால் யாரும் கேட்கமாட்டார்கள். பயந்த கோச் பழைய பெயர்களையே இறக்குவார். பயந்த மேலாளர் பழைய கடனையே புதுப்பிப்பார். எங்கள் தொழிலில் அதற்கு எவர்கிரீனிங் என்று அழகான பெயர் இருக்கிறது. ஒருவரைத் தொடர விடுவதன் லாபம் விசுவாசம், பொறுமை இதெல்லாம் இல்லை என்று நினைக்கிறேன். கஷ்டமான முடிவை எடுக்க ஒருவருக்குத் தைரியம் கிடைக்கிறதே, அதுதான்.

சரி, அப்போ வைத்துக்கொண்டே இருக்கலாமா?

அப்படியும் இல்லை. இதே கிரேசன் அடுத்த சீசனில், 2023-24ல், முதல் 9 ஆட்டத்தில் ஒரே வெற்றி. சொந்த மைதானத்தில் மும்பையிடம் 0-4. மறுநாள் டிசம்பர் 9, கிளப் அவரை அனுப்பியது. வந்தவர் ஹெரார்ட் சரகோசா. மாயம் ஒன்றும் நடக்கவில்லை. பெங்களூரு 12 அணிகளில் 10-வதாக முடித்தது. அதற்காக சரகோசாவை அனுப்பினார்களா? இல்லை. வைத்துக்கொண்டார்கள். 2024-25ல் மூன்றாம் இடம், மீண்டும் இறுதி ஆட்டம், கூடுதல் நேரத்தில் மோகன் பகானிடம் 1-2.

எங்கள் சென்னைக்கு வாருங்கள். காயில் ஒரே சீசனில் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். அங்கே 2021-22ல் லீக் ஷீல்டே வாங்கிக் கொடுத்தார். சென்னையில் 2020-21 சாபா லாஸ்லோ, 8-வது இடம். 2021-22 பொஜிதார் பாண்டோவிச், பாதியில் அனுப்பி சபீர் பாஷா கையில் கொடுத்தார்கள், 8-வது இடம். 2022-23 தாமஸ் பிராடரிச், 8-வது இடம். மூன்று சீசன், மூன்று பெரிய கோச், ஒரே எட்டு. டிரைவரை மாற்றி மாற்றிப் பார்த்தும் வண்டி அதே இடத்தில் நின்றால் இன்ஜினைத் திறந்து பார்க்க வேண்டாமா? 2023ல் காயிலையே திரும்பக் கூப்பிட்டார்கள். முதல் சீசன் ஆறாவது, அடுத்தது பதினொன்றாவது. பழைய ஆளைக் கூப்பிட்டால் பழைய வருஷமும் சேர்ந்து வரும் என்பதெல்லாம் நம் ஆசை.

இன்னொன்று. 2018-19ல் பெங்களூருவுக்கு முதல் ஐஎஸ்எல் கோப்பை வாங்கிக் கொடுத்த கார்லெஸ் குவாத்ராத்தை, 2021 ஜனவரியில் மூன்று தொடர் தோல்விகளோடு அனுப்பினார்கள். அந்த சீசன் பெங்களூரு ஏழாவது. ஐஎஸ்எல் வந்த பிறகு முதல்முறையாக பிளே-ஆஃப் இல்லை. குவாத்ராத் 2024 ஜனவரியில் ஈஸ்ட் பெங்காலுக்கு சூப்பர் கப் ஜெயித்துக் கொடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில் சீசன் தொடக்கத்தில் மூன்று தோல்வி, அங்கிருந்தும் விலகினார். நல்ல கோச், கெட்ட கோச் என்று நெற்றியில் எழுதி வைத்துக்கொண்டு யாரும் பிறப்பதில்லை போல.

1-10

இதெல்லாம் இப்போதைய காசு விளையாட்டு என்று நினைக்காதீர்கள். இந்தக் கேள்வி பழையது.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. குளிரில் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் அஹமத் கான், நம்ம பெங்களூர்க்காரர். இந்த ஊர் அப்போது கால்பந்து ஊர். 1937லேயே பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது, அதை ஜெயித்த முதல் இந்திய அணி அதுதான். இன்றைக்கும் அல்சூர் பக்கம் கௌதமபுரா போனால், தமிழ் பேசுகிற தெருக்களுக்கு நடுவில் பீலேவுக்குச் சிலை இருக்கிறது.

அந்த 1-10 அணியின் கோச், ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அடிப்படையில் பள்ளி ஆசிரியர். அதற்கு முந்தைய வருஷம்தான் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்திருந்தார். இன்றைக்கு ஒரு கோச் 1-10 தோற்றால் விமானம் இறங்குவதற்குள் கடிதம் வந்திருக்கும். ரஹீமின் கதை அதோடு முடியவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவரே கோச், இந்தியா நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. இறுதி ஆட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 ஜெயித்துத் தங்கம். உடம்பில் புற்றுநோயோடு அந்த அணியை நடத்தியவர், அடுத்த வருஷம் ஜூனில் காலமானார்.

1-10 என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து அவருக்குக் கதவைச் சாத்தியிருந்தால், மெல்போர்னும் ஜகார்த்தாவும் வேறு மாதிரி போயிருக்கும்.

அப்புறம் ஒரு நீண்ட காலம் இந்தக் கேள்வியே எழவில்லை. காரணம், அணிகள் எல்லாம் ஆபீஸ் அணிகள். பெங்களூரில் ஐடிஐ, எச்ஏஎல். சென்னையில் ஐசிஎஃப், இந்தியன் வங்கி. இந்தியக் கேப்டனாக இருந்த வி.பி. சத்யன் இந்தியன் வங்கி ஊழியர். மேலே சொன்ன சபீர் பாஷாவும் இந்தியன் வங்கிக்கு ஆடி, அதே அணிக்குக் கோச் ஆனவர். அங்கே கோச்சும் ஊழியர்தான். தோற்றால் அதிகபட்சம் வேறு ஆளைப் போடுவார்கள், அவர் மறுநாள் தன் மேஜைக்குத் திரும்பிப் போவார். சம்பளம், பி.எஃப்., பென்ஷன் எல்லாம் பத்திரம். பத்திரமாக இருந்ததால் அணிகள் வளர்ந்துவிட்டனவா என்றால், அதுவும் இல்லை. ஐடிஐயும் எச்ஏஎல்லும் தேசிய லீகில் இருந்து மறைந்துபோயின. பயம் ஒரு பக்கம் கெடுக்கும், பயமே இல்லாதது இன்னொரு பக்கம் கெடுக்கும். அரசு வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

முன்கூட்டி முடித்தால் அபராதம்

காசுப் பக்கமும் ஒரு வார்த்தை. தேசிய அணியின் கோச் இகோர் ஸ்டிமாச். 2019ல் வந்தார். 2023 அக்டோபரில் கூட்டமைப்பு அவர் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டியது. எட்டே மாதம். 2024 ஜூன் 11 கத்தாரிடம் 1-2 தோல்வி, உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் இருந்து வெளியே, ஜூன் 17 நீக்கம். ஸ்டிமாச் சும்மா விடவில்லை, நஷ்டஈடு கேட்டார். கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்து சமரசம். நம் கணக்கில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல்.

வீட்டுக் கடன் வாங்க வருகிறவரிடம் கூட நாங்கள் முன்கூட்டி முடித்தால் என்ன ஆகும் என்று படித்துக் காட்டுகிறோம். ஒரு கோச்சுக்கு இரண்டரை வருஷ நீட்டிப்பு கொடுக்கும்போது அந்தப் பக்கத்தை யாராவது படித்தார்களா? அனுப்பலாமா என்ற கேள்வி, கையெழுத்துப் போடும் அன்றே கேட்க வேண்டிய கேள்வி.

ஜூனியருக்கு என் பதில்

வெளிநாட்டில் ஃபெர்குசன் கதையைச் சொல்லி வைத்துக்கொள் என்பார்கள். 1986ல் மான்செஸ்டர் யுனைடெட் வந்தவருக்கு லீக் பட்டம் 1993ல்தான் கிடைத்தது. பொறுமையாக வைத்திருந்து ஒன்றும் கிடைக்காத நூறு பேர் கதையை யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் அதை விடுங்கள். நான் பார்ப்பது நான்கே வரிதான்.

ஒன்று, இந்த நஷ்டம் யார் தேதியில் கொடுத்த கடன்? அணியைத் தேர்ந்தெடுத்தது இவரா, முன்னவரா, முதலாளியா? காயத்தில் யார் யார் வெளியே?

இரண்டு, எப்படித் தோற்கிறார்கள்? 2022-23 பெங்களூரு பல ஆட்டங்களில் ஒரே கோலில் தோற்றது. 2019 சென்னை நான்கு ஆட்டம் ஒரு கோலும் அடிக்கவில்லை. புள்ளி ஒன்றாக இருந்தாலும் நோய் வேறு.

மூன்று, எதையாவது மாற்றிப் பார்க்கிறாரா? பெரிய பெயரில் கை வைக்கத் துணிகிறாரா? இல்லை, போன வாரம் தோற்ற அதே பதினொரு பேரையே இறக்கி அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்கிறாரா?

நான்கு, அடுத்தவர் யார், அபராதம் எவ்வளவு? பெயர் தெரியாமல் அனுப்பினால், மூன்று வருஷம் எட்டாவது இடத்தில் நிற்க நேரிடும்.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால், 2019 மார்ச்சில் கிரெகரியை வைத்துக்கொண்டது சரி. கேப்டன் போனதும் கணேஷ் காயமும் அவர் கொடுத்த கடன் இல்லை. நவம்பரில் அனுப்பியதும் சரி. அப்போது அணி அவர் கட்டிய அணி, இரண்டு 0-3, கையில் மாற்று ஆள் தயார். பெங்களூரு 2022 கடைசியில் கிரேசனை வைத்துக்கொண்டது சரி, மறு வருஷம் அனுப்பியதும் சரி. வாராக்கடன் சதவீதம் மாதிரி பாயின்ட் டேபிளும் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும். தோண்டிப் பார்க்காமல் தீர்ப்பு எழுதினால் தப்பாகத்தான் போகும்.

ராத்திரி இதையெல்லாம் ஜூனியரிடம் சொன்னேன். என் கிளைக் கதையையும், அந்தப் பெரிய கணக்கையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அப்போ உன்னை மாத்தினது சரியா தப்பாப்பா?"

"முதல் கேள்விக்கு நான் பாஸ். மூணாவதுல ஃபெயில்லே" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. தோசை மாவு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். காலையில் கேலி செய்ததற்கு அவன் பாணியில் அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பி.கு: 2025 ஆகஸ்டில், லீக் நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் பெங்களூருவும் சென்னையும் வீரர்கள் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. அந்த வாரம் எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் ஒரே கட்சி ஆனது. கோச்சை வைப்பதா அனுப்புவதா என்று சண்டை போடுவதே ஒரு வசதி மக்களே. அந்த வசதி இருக்கும்வரை சண்டை போடுவோம். உங்கள் கட்சி எது, எந்தக் கோச்சை அவசரப்பட்டு அனுப்பினார்கள் என்று நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள், பேசுவோம். இப்போது பொம்மசந்திரா வரை மெட்ரோ வேறு வந்துவிட்டது. அடுத்த ஆட்டத்துக்கு சில்க் போர்டுக்குப் பயப்படாமல் சேர்ந்தே போகலாம் :-)